பின் சீட்டில் ஓர் அமைச்சர்

அந்தச் சாலையைப் பளிங்குப் பாதை என்று சாலைத் துறை அமைச்சர் மேடைக்கு மேடை வர்ணித்திருந்தார். அதே பாதையில் பழைய காரை உருட்டிக்கொண்டிருந்த சோடாவின் தலை மறுபடியும் போய்க் கூரையில் இடித்தது.

"அக்கா, இது சாலை இல்ல. குளங்களை இணைக்கிற திட்டம்" என்றான், தலையைத் தடவிக்கொண்டே.

பக்கத்து சீட்டில் இருந்த துப்பக்கா, மடியில் விரித்திருந்த செய்தித்தாள் படத்தை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். துப்பறியும் தொழிலுக்கு வருவதற்கு முன்னால் அவளுக்கு ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. செத்துப்போனதாகச் சொல்லப்பட்டவர்கள் நிஜமாகவே செத்திருக்கிறார்களா என்று நேரில் போய்ப் பார்த்து வருவாள். அந்த வேலையில் பல பேய்களோடு உட்கார்ந்து தேநீர் குடித்திருக்கிறாள். அதனால் எந்த அதிசயத்துக்கும் அவளுடைய புருவம் லேசில் மேலே ஏறாது.

சோடா அதற்கு நேரெதிர். எது நடந்தாலும் முதலில் பொங்குவான், பிறகு தானாகவே அடங்குவான். உதவியாளன் என்று அவனே சொல்லிக்கொள்வான். டிரைவர் என்று அக்கா சொல்லுவாள். ஓட்டும் லட்சணத்தைப் பார்த்தால் அதுவும் சந்தேகம்தான்.

அன்று விடிந்ததும் விடியாததுமாக ஆபீஸ் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். தையல்காரி. கழுத்தில் அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தாள். அவளுடைய கணவர்தான் சாலைத் துறை அமைச்சரின் கார் டிரைவர்.

"எந்த ஊருக்குப் போனாலும் சாயங்காலம் ஒரு போன் வந்துடுங்க. சாப்பிட்டியா, கதவைத் தாழ்ப்பாள் போட்டியான்னு கேட்டுட்டுத்தான் படுப்பார். இப்போ ரெண்டு மூணு நாளா சத்தமே இல்ல. அமைச்சர் ஆபீசுக்குப் போன் பண்ணினா, டிரைவர் லீவுல போயிட்டாருன்னு சொல்றாங்க. லீவு போட்டா மனுஷன் வீட்டுக்குத்தானே வரணும்?"

பிறகு செய்தித்தாளை மேசையில் விரித்தாள். 'மக்களோடு மக்களாக அமைச்சர்' என்று தலைப்பு. அமைச்சர் சாலை வழியாகவே கடற்கரைவரைக்கும் பயணம் போகிறார். முடிவில் கடற்கரையில் பெரிய பொதுக்கூட்டம். படத்தில் வெள்ளை சஃபாரி சூட் போட்ட ஒருவர், முதுகைக் காட்டியபடி கூட்டத்துக்கு நடுவே நின்றிருந்தார். பின்னால் கறுப்புக் கார். அதன் முன்விளக்கு ஒன்று உடைந்திருந்தது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, காக்கிச் சட்டையில் ஓர் ஆள்.

"இந்தக் காக்கிச் சட்டை எங்க வீட்டுக்காரரோடது. நான் தைச்சது. தோள்ல அந்த மடிப்பு என்னோட மடிப்பு. ஆனா உள்ள இருக்கிற ஆள் அவர் இல்லைங்க. கழுத்தைப் பாருங்க, காலர் பட்டனே போட முடியல. என் புருஷன் சட்டையை வேற எவனோ போட்டிருக்கான். அப்படின்னா என் புருஷன் எங்க?"

கடைசி வாக்கியத்தில் அவள் குரல் உடைந்தது. அக்கா எழுந்து கார் சாவியை எடுத்து சோடாவிடம் எறிந்தாள்.

இப்போது அமைச்சர் போன அதே வழியில் அவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் வாழைத் தோட்டங்கள். ஒரு பக்கம் மழை கொட்டியது, மறுபக்கம் வெயில் அடித்தது. வழியெல்லாம் சுவர்களில் அமைச்சர் சிரித்துக்கொண்டிருந்தார். கறுப்புக் கண்ணாடி, அடர்த்தியான முடி, இளந்தாடை.

"இவருக்கு என்ன வயசுக்கா?"

"அறுபதைத் தாண்டியாச்சு."

"சுவர்ல முப்பதுகூட ஆகலையே. ஏதாவது லேகியம் சாப்பிடுறாரா?"

"பழைய போட்டோவைத்தான் சாப்பிடுறாரு" என்றாள் அக்கா. "சரி, நீ என்ன நினைக்கிற? சொல்லு."

சோடா பொங்கினான். "தெளிவா இருக்குக்கா. எதிரிங்க டிரைவரைக் கடத்தி எங்கேயோ போட்டுட்டு, அவர் சட்டையை மாட்டிக்கிட்டு ஒரு கொலைகாரனை கார்ல ஏத்தியிருக்காங்க. குறி அமைச்சர்."

"கொல்ல வந்தவன் இவ்வளவு நாளா சும்மாவா ஓட்டிக்கிட்டு இருப்பான்?"

"இந்த ரோட்டுல ஓட்டினாலே போதும்னு நினைச்சிருப்பான்."

அக்காவின் உதட்டோரம் லேசாக அசைந்தது. அவளைப் பொறுத்தவரை அது வயிறு குலுங்கச் சிரித்ததற்குச் சமம்.

முதலில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினார்கள். அங்கே பெட்ரோல் போடும் இடத்தைத் தாங்கி நின்ற தூண் ஒன்றில் இடுப்பளவு உயரத்தில் கறுப்பு வண்ணம் நீளமாக அப்பியிருந்தது. கீழே கண்ணாடிச் சில்லுகளை யாரோ ஓரமாகக் கூட்டிக் குவித்திருந்தார்கள்.

பெட்ரோல் போடும் பெண்ணிடம் கேட்டதுமே அவள் ஆரம்பித்துவிட்டாள். "ஐயோ, அந்த டிரைவரா? எவன் அவனுக்கு லைசென்ஸ் கொடுத்தான்னே தெரியல. இவ்வளவு பெரிய தூண் நிக்குது, நேரா வந்து மோதினான். மோதிட்டு இறங்கக்கூட இல்லைங்க. அப்படியே உட்கார்ந்திருக்கான், சிலை மாதிரி. யாராவது வந்து கதவைத் திறந்துவிடணுமாம்!"

"அமைச்சர் திட்டினாரா?" என்றாள் அக்கா.

"தங்கமான மனுஷர். ஒரு வார்த்தை திட்டல. பதறிப்போய் இறங்கி ஓடி வந்து, அடிபட்ட இடத்தைத் தடவித் தடவிப் பார்த்தாரு. குழந்தை கீழே விழுந்தா பார்ப்போமே, அந்த மாதிரி. கண்ணுகூடக் கலங்கிடுச்சு. அரசாங்கச் சொத்து மேல எவ்வளவு அக்கறை பாருங்க!"

காரில் ஏறியதும் சோடா சொன்னான்: "அரசாங்கச் சொத்தைத் தடவிப் பார்க்கிற அமைச்சரை நான் பார்த்திருக்கேன். ஆனா கண்கலங்கி இல்ல."

அக்கா மறுபடியும் ஒரு கண்ணை மூடிக்கொண்டாள்.

மதியத்துக்குள் ஒரு மலைச்சரிவு வந்தது. ரப்பர் மரங்களுக்கு நடுவே வழி சுற்றிச் சுற்றி ஏறியது. உச்சியில் தகரக் கூரை போட்ட ஒரு சாப்பாட்டுக் கடை. கடைக்காரர் தொப்பையும் துண்டுப் பீடியுமாக இருந்தார். அமைச்சர் பேச்சை எடுத்ததும் பீடியைக் காது மேல் செருகிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உண்மையைச் சொல்லிடறேன். அந்த ஆள் வந்தா வரவேற்கணும்னு நாங்க அழுகின முட்டையெல்லாம் சேர்த்து வெச்சிருந்தோம். போன மழையில ஓடைப்பாலம் அடிச்சிட்டுப் போச்சு. பிள்ளைங்களைத் தோள்ல தூக்கிட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்கு ஓடையைத் தாண்டுறோம். மனு கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ஞ்சு போச்சு. அதான், கார் வந்து நின்னுச்சா, இறங்கினாரா, முதல் முட்டையை நானே வீசினேன்."

"குறி தப்பலையே?" என்றான் சோடா ஆவலாக.

"நெஞ்சுல. டிரைவர் பயல் என்ன பண்ணினான் தெரியுமா? கதவைப் பூட்டிக்கிட்டு சீட்டுக்குக் கீழே குனிஞ்சுட்டான்! இவர்தான் தனியா நின்னாரு. முட்டையைத் துடைச்சுக்கிட்டே, 'ரோடு மோசம்தான். எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? என் இடுப்பு எலும்பைக் கேட்டுப் பாருங்க'ன்னாரு. எங்களுக்குக் கை வரல. அப்புறம் ஓடைக்கே நடந்து வந்தாரு. அங்க ஒரு அம்மா பிள்ளையைத் தூக்கிட்டுத் தண்ணியில நிக்குது. பிடிபிடின்னு பிடிச்சுக்கிச்சு. தலையைக் குனிஞ்சு எல்லாத்தையும் வாங்கிக்கிட்டாரு. அடுத்த மழைக்குள்ள பாலம் நிக்கும்னு சொல்லிட்டாரு. இது வரைக்கும் எந்த அமைச்சரும் எங்களைப் பார்த்துத் தலையைக் குனிஞ்சதில்லைங்க."

"இங்க சாப்பிட்டாங்களா?" அக்கா கேட்டாள்.

"சாப்பிட்டாங்களே! டிரைவர் ஜம்முனு நடு மேசையில உட்கார்ந்துக்கிட்டான். கையை இப்படி நீட்டிக்கிட்டே இருக்கான். என்னடான்னு பார்த்தா, யாராவது தண்ணி ஊத்திக் கழுவி விடணுமாம்! அமைச்சர் பாவம், வாசல்ல நின்னுக்கிட்டே ரெண்டு நிமிஷத்துல சாப்பிட்டு முடிச்சுட்டாரு. கண்ணெல்லாம் கார் மேலயே. அதுக்கு முன்னாடியே சக்கரத்துக்கு அடியில ஒரு கல்லையும் கொண்டு வந்து அண்டை கொடுத்துட்டாரு. இறக்கமான இடமாச்சே."

"யாரு, டிரைவரா?"

"அமைச்சருங்க! அவர் கையாலயே!"

கடைக்காரர் அந்தக் கல்லைக் காட்டினார். யாரும் எடுத்துவிடாதபடி அதைச் சுற்றிச் சுண்ணாம்பில் வட்டம் போட்டு வைத்திருந்தார்கள். அமைச்சர் தொட்ட கல்லாம். சோடா குனிந்து அதற்கு ஒரு வணக்கம் வைத்தான்.

வண்டி மலையை விட்டு இறங்கியபோது சோடாவின் கொலைகாரன் கொள்கை பாதி அடங்கியிருந்தது. "சீட்டுக்குக் கீழே ஒளியறவன் கொலைகாரனா இருக்க முடியாது. அப்போ அமைச்சருக்குத்தான் ஏதோ ஆயிடுச்சு. வெயில் தலைக்கேறி நல்லவராயிட்டாரு. டாக்டர்கிட்டக் காட்டணும்."

"இன்னும் ஒரு இடம் பார்த்துடலாம்" என்றாள் அக்கா.

அந்த இடம் ஓர் ஆற்றங்கரை விடுதி. மாடியில் அறைகள், கீழே ஈரத் துணிகள் தொங்கும் முற்றம். விடுதிக்கார அம்மா சாவிக் கொத்தோடு வந்து, ஓர் அறையைத் திறந்து பெருமையாகக் காட்டினாள்.

"இதுதான் அமைச்சருக்குன்னு ஒதுக்கின ரூம். புது மெத்தை, புது ஃபேன். ஆனா அவர் படுக்கலையே! ரூமை டிரைவருக்கு விட்டுட்டு, தான் போய்க் கார்ல படுத்துக்கிட்டாரு. முன் சீட்டைச் சாய்ச்சு, கால் ரெண்டையும் ஜன்னல் வழியா வெளியே நீட்டிக்கிட்டு. எப்பேர்ப்பட்ட எளிமை!"

"முன் சீட்டுல?"

"ஆமாங்க. மெத்தையில வந்து படுங்கன்னு நானே போய்க் கெஞ்சினேன். 'பழகினது இல்லைங்கம்மா, தூக்கம் வராது'ன்னாரு. அந்த டிரைவர் இருக்கானே, அவன் காலையில ஃபேன் சத்தம் போடுதுன்னு என்கிட்டச் சண்டைக்கு வந்தான்."

அக்கா முற்றத்திலேயே நின்று தையல்காரிக்குப் போன் போட்டாள். ஒலிபெருக்கியை அழுத்தியதால் சோடாவுக்கும் கேட்டது.

"ஒரே ஒரு கேள்விம்மா. உங்க வீட்டுக்காரர் வண்டியை நிறுத்தினா சக்கரத்துக்குக் கல் வைப்பாரா?"

மறுமுனையில் தையல் இயந்திரத்தின் சத்தம் நின்றது. "வண்டிக்கா? வீட்டுக் கட்டில் காலுக்கே கல் வைக்கிற ஆளுங்க அவர்! அவருக்கு என்னாச்சு? ஏன் கேக்கறீங்க?"

"உயிரோட இருக்கார். நல்லாவே இருக்கார். கொஞ்சம் முட்டை பட்டிருக்கு, அவ்வளவுதான். ராத்திரிக்குள்ள பேச வைக்கிறேன்."

போனை வைத்துவிட்டு அக்கா சோடாவைப் பார்த்தாள். அவன் வாய் திறந்தபடி இருந்தது.

"அக்கா... அமைச்சர்தான் டிரைவரா? டிரைவர்தான் அமைச்சரா?"

"சட்டையும் இடமும்தான் மாறியிருக்கு. பழக்கம் மாறல. ஒருத்தருக்குக் கதவு தானா திறக்கணும், கைக்குத் தண்ணி தானா வரணும். இன்னொருத்தருக்குக் கார் மேல கீறல் விழுந்தா நெஞ்சு பதறுது, சாப்பிடுறப்பக் கண்ணு கார் மேலயே நிக்குது. வழியெல்லாம் முட்டை காத்திருக்குன்னு அமைச்சருக்கு யாரோ முன்கூட்டியே சொல்லியிருக்காங்க. பயணத்தை அறிவிச்சாச்சு, ரத்துப் பண்ண முடியாது. அதனால முட்டை வாங்க டிரைவரைப் பின் சீட்டுல உட்கார வெச்சுட்டாரு."

"ஜனங்க எப்படிக்கா ஏமாந்தாங்க?"

"சுவர்ல இருக்கிற முகத்துக்கு நிஜ அமைச்சரைவிட டிரைவர்தான் ஒத்துப்போறாரு. அதோட, பின் சீட்டுலேர்ந்து இறங்கினா அமைச்சர், முன் சீட்டுலேர்ந்து இறங்கினா டிரைவர். முகத்தை யார் பார்க்கிறா?"

சோடா மறுபடியும் பொங்கினான். இந்த முறை கோபத்தில். "முட்டையோட போச்சு. ஒருத்தன் கல்லை எடுத்திருந்தா? கடற்கரையில கூட்டம் இன்னும் பெருசு. மீன்பிடித் துறைமுகத்துக்குப் போற ரோடு அறுந்து கிடக்குது, அங்க இருக்கிறவங்க கொதிச்சுக்கிட்டு இருப்பாங்க. அவரை மேடையில வேற ஏத்துவாங்களே!"

அதன் பிறகு அவன் ஓட்டிய வேகத்தில் அக்கா ஒரு கண்ணை மூடவில்லை, இரண்டையும் மூடிக்கொண்டாள்.

வாழைகள் போய்த் தென்னைகள் வந்தன. மண் வெளுத்துக்கொண்டே போனது. காற்றில் உப்பு வாசம் ஏறியது. ஒரு வளைவு திரும்பியதும் கடல் நீலமாக எழுந்து நின்றது. அதன் முன்னால் மூங்கிலில் கட்டிய மேடை, கொடிகள், ஒலிபெருக்கிகள், மணல் தெரியாத அளவுக்கு ஜனம். யார் கையிலும் முட்டை இல்லை. மலையிலிருந்து அமைச்சரின் புகழ் அவருக்கு முன்பே கடற்கரைக்கு வந்து சேர்ந்துவிட்டது. பூங்கொத்துகளோடு நின்றிருந்தார்கள்.

"டிரைவர்கள் அந்தப் பக்கம்" என்று ஒரு போலீஸ்காரர் சோடாவைக் கைகாட்டித் துரத்தினார். ஓலைப் பந்தல் ஒன்றின் கீழே டிரைவர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் காலர் பட்டன் போட முடியாத காக்கிச் சட்டையில், வியர்த்து வழிந்தபடி ஒரு பெரியவர் நின்றிருந்தார்.

"நான்தான்யா அமைச்சர்! சத்தியமா நான்தான்!"

"நேத்து ஒருத்தன் ஜனாதிபதின்னு சொன்னான். அவனுக்கும் மோர்தான் கொடுத்தோம். இந்தாங்க" என்று ஒரு டிரைவர் டம்ளரை நீட்டினார்.

அக்கா அருகே போய், "வணக்கம் அமைச்சரே" என்றாள் தணிந்த குரலில்.

அவ்வளவுதான், அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர் முட்டியது. "அம்மா, நீங்க யாரா இருந்தாலும் சரி, என்னைக் காப்பாத்துங்க! அந்த டிரைவர் ஏறின சீட்டை விட்டு இறங்க மாட்டேங்கிறான். என் பி.ஏ. என்ன சொல்றான் தெரியுமா? 'சார், இவ்வளவு வருஷத்துல உங்க பேர் இந்த அளவுக்கு நல்லா இருந்ததே இல்ல. கூட்டம் முடியறவரைக்கும் இப்படியே இருந்துடுங்க'ங்கிறான்! என்னைப் பந்தலுக்குத் துரத்தினதே அவன்தான்!"

சோடா அக்காவைப் பார்த்தான். டிரைவரைக் காப்பாற்றத்தானே இப்படி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள்? காப்பாற்றச் சொல்லி அழுவது வேறு ஆளாக இருக்கிறதே!

மேடைக்குப் பின்னால் ஒரு துணிக் கூடாரம். உள்ளே மின்விசிறி, பெரிய சோபா, தட்டு நிறைய பழம். சோபாவின் விளிம்பில், அழுக்காகிவிடுமோ என்ற பயத்தோடு, வெள்ளை சஃபாரி சூட் போட்ட ஒல்லியான மனிதர் உட்கார்ந்திருந்தார். நெஞ்சில் முட்டைக் கறையைத் தேய்த்துக் கழுவிய மஞ்சள் தடம். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். கண்கள் தூங்காமல் சிவந்திருந்தன.

"உங்க வீட்டுல அனுப்பினாங்க" என்றாள் அக்கா.

அவர் சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். "அழுதாளா?"

"அழுதாங்க. உங்க சட்டையை வேற ஒருத்தன் போட்டிருக்கான்னு கண்டுபிடிச்சதே அவங்கதான்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "முதல் நாள் கட்டாயப்படுத்தித்தாங்க உட்கார வெச்சாரு. மாட்டேன்னு சொல்ல முடியுமா? வேலை போயிடுமே. போனும் அந்தச் சட்டைப் பையோடவே போயிடுச்சு. முட்டை வந்து விழுந்தப்போ செத்துடலாம் போல இருந்துச்சு. அப்புறம் ஓடையில அந்த அம்மா... பிள்ளையைத் தோள்ல வெச்சுக்கிட்டு என்னைத் திட்டுது. பாலம் கட்டித் தர்றேன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். சொன்னதும் அந்த முகம் இருக்கே, அதைப் பார்த்துட்டேங்க. மறுநாள் காலையில யாரும் சொல்லாமலே நானே அந்த வெள்ளைச் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கிட்டேன்."

"போன் திரும்பக் கிடைச்சதா?"

"கிடைச்சது. எடுத்து எடுத்து வெச்சிட்டேன். 'வீட்டுக்கு வாங்க'ன்னு அவ ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நான் கிளம்பிடுவேன். அப்புறம் பாலத்துக்கு யார் பொறுப்பு? மேடையில எல்லார் முன்னாடியும் சொல்லிட்டா அவங்க கட்டித்தானே ஆகணும்னு நினைச்சேன்."

சோடாவுக்கு ஏதாவது கிண்டலாகச் சொல்ல வேண்டும் போல இருந்தது. பழத்தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அக்கா எண்ணை அழுத்திப் போனை டிரைவரிடம் கொடுத்தாள். அவர் காதில் வைத்தார். அடுத்து வந்த வசவு கூடாரத்துக்கு வெளியே நின்ற போலீஸ்காரருக்கே கேட்டிருக்கும். அவர் எல்லாவற்றுக்கும் "ம்... ம்..." என்றார். பிறகு தணிந்த குரலில் ஓடையையும் பாலத்தையும் பற்றி ஏதோ சொன்னார். கேட்டுக்கொண்டே இருந்தவரின் முகம் மெல்ல மாறியது.

போனை வைத்துவிட்டு, "நீங்க சொன்னது செல்லாதுங்கிறா" என்றார். "நாளைக்கே அமைச்சர் சட்டையை மாத்திக்கிட்டு, சொன்னது நான் இல்லைன்னுடுவாராம். பாலத்தை அவர் வாயால சொல்ல வெச்சுட்டு வாங்கங்கிறா. பாதியில வந்தா கதவைத் திறக்க மாட்டாளாம்."

"உங்க வீட்டுல வேலைக்கு ஆள் எடுக்கிறீங்களா? இவனை அனுப்பிட்டு நான் அவங்களை வெச்சுக்கிறேன்" என்று சோடாவைக் காட்டிச் சொன்ன அக்கா, விறுவிறுவென்று ஓலைப் பந்தலுக்குத் திரும்பினாள்.

அமைச்சர் இரண்டாவது டம்ளர் மோரில் இருந்தார். அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வெகுளியாக ஒரு பெருமூச்சு விட்டாள். "உங்களைப் பார்த்தா எனக்கு ஒண்ணுதான் ஞாபகம் வருது அமைச்சரே. அந்தக் காலத்து ராஜாக்கள் ஜனங்க படுற கஷ்டத்தைப் பார்க்க மாறுவேஷத்துல போவாங்களாமே."

அமைச்சரின் டம்ளர் பாதியில் நின்றது. அவர் மூளைக்குள் ஒரு விளக்கு எரிவதை சோடா கண்ணாலேயே பார்த்தான். அடுத்த நொடி டம்ளர் மணலில் உருண்டது. காக்கிச் சட்டை மேடையை நோக்கி ஓடியது. தடுக்கப் போன போலீஸ்காரரை, ஓடி வந்த பி.ஏ. தடுத்தார். எது நடந்தாலும் பத்து நொடியில் புரிந்துகொள்ளக்கூடியவர் அவர்.

"என் உயிரினும் மேலான மக்களே!" ஒலிபெருக்கி அலறியது. "என்னைத் தெரிகிறதா? நான்தான் உங்கள் அமைச்சர்! பின் சீட்டில் சொகுசாகப் போக எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் படும் பாட்டை நானும் பட வேண்டும் என்று டிரைவர் வேடம் பூண்டேன்! ஒவ்வொரு பள்ளத்தையும் என் கையால் ஓட்டித் தெரிந்துகொண்டேன்!"

கூட்டம் ஒரு கணம் திகைத்தது. பி.ஏ. கைதட்ட ஆரம்பித்தார். உடனே கடற்கரையே கைதட்டியது. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒருவர் பூங்கொத்தை வீசினார்.

"ஜெயிச்சுட்டானேக்கா!" சோடா பல்லைக் கடித்தான். "வெட்கமே இல்லாம ஜெயிச்சுட்டான்!"

"இன்னும் இல்ல" என்றாள் அக்கா. "உனக்கு நல்ல குரல் இருக்கு. இத்தனை நாளா என் காதுகிட்ட வீணாப் போச்சு. இப்போ உபயோகி."

சோடாவுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. புரிந்ததும் ஒரு கவிழ்த்துப் போட்ட படகின் மேல் தாவி ஏறினான்.

"தலைவரே! அப்போ வழியில சொன்னதெல்லாம் நீங்க சொல்லச் சொன்னதுதானே? மழைக்குள்ள ஓடைப்பாலம் வந்துடும்தானே?"

கைதட்டல் அப்படியே நின்றது. ஆயிரம் முகங்கள் மேடையைப் பார்த்தன. தொலைக்காட்சிக் கேமராக்களும் பார்த்தன. அமைச்சர் பி.ஏ.வைப் பார்த்தார். பி.ஏ. கடலைப் பார்த்தார்.

"ஆமாம்!" என்றார் அமைச்சர். "மழைக்குள் பாலம்! நானே... நானே சொல்லச் சொன்னேன்!"

"துறைமுக ரோடு?" என்று வேறு ஒரு குரல் எழுந்தது.

"அதுவும்!"

அப்போது முன் வரிசையில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து நின்றாள். அவள் கண்ணில் உண்மையான பக்தி இருந்தது. "தலைவரே! எங்களுக்காக இவ்வளவு தூரம் நீங்களே ஓட்டி வந்தீங்க. திரும்பிப் போறப்பவும் நீங்களேதான் ஓட்டணும்! ரோட்டு ஓரமா எல்லா ஊர்லயும் நின்னு உங்களைப் பார்க்கணும்னு சொல்லி விடறோம்!"

"ஓட்டணும்! ஓட்டணும்!" என்று கடற்கரை முழங்கியது. மறுப்பதற்கு அமைச்சருக்கு வாய்ப்பே தரவில்லை. அவரைத் தோளில் தூக்கிக்கொண்டுபோய், முன்விளக்கு உடைந்த கறுப்புக் காரின் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார வைத்து, கதவையும் அவர்களே சாத்தினார்கள். வண்டி பின்னால் போக வேண்டிய நேரத்தில் முன்னால் போய் ஒரு கொடிக்கம்பத்தைச் சாய்த்தது. ஜனம் அதற்கும் ஆரவாரம் செய்தது.

பி.ஏ. மணலில் கால் புதையப் புதைய ஓடி வந்தார். "டிரைவர்! டிரைவர் எங்கே? யாராவது டிரைவரைப் பார்த்தீங்களா?"

டிரைவர் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார். வெள்ளை பேண்ட்டை முழங்காலுக்கு மேலே சுருட்டிவிட்டுக்கொண்டு, கடலுக்குள் நின்றிருந்தார். இந்தக் கடற்கரைக்கு எத்தனையோ தடவை வண்டி ஓட்டி வந்திருக்கிறாராம், கார்ப் பக்கத்திலேயே காவல் நின்றுவிட்டுத் திரும்பிவிடுவாராம். அவர்தான் அக்காவிடம் சொன்னார். இப்போது போனை அலைகளுக்கு நேராக நீட்டிப் பிடித்திருந்தார். மறுமுனையில் இருப்பவளுக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று இன்னும் இரண்டடி உள்ளே போனார். கூப்பிட்ட குரலுக்குத் திரும்பவே இல்லை.

"சார், உங்களைத்தான் கேக்கறேன், டிரைவர் எங்கே?" பி.ஏ. சோடாவின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"கார்ல இருக்காரே சார்" என்றான் சோடா. "இப்பத்தானே மைக்ல அவரே சொன்னாரு, நீங்கதான் முதல்ல கைதட்டினீங்க."

பி.ஏ. திரும்பிக் காரைப் பார்த்தார். அது உறுமிக்கொண்டு, சாலை தொடங்கும் இடத்தில் இருந்த முதல் பள்ளத்தை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. அவர் ஓடிப்போய்ப் பின் கதவைத் திறந்து உள்ளே ஏறினார். உட்கார்ந்ததும் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தார்.